கண் இப்போதுதான் திறந்த நாய்க்குட்டிக்கு என்ன பால் கொடுப்பது?

பினாங்கு ஜெலுத்தோங்கில் கால்வாய் ஓரம் கிடைத்த நாய்க்குட்டிக்குக் கண் இப்போதுதான் திறக்கிறது என்றால் வயது சுமார் 2 வாரம். பாலுக்கு முன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் சூடுதான். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. வெந்நீர் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு மிஞ்சினால் குட்டி நகர இடம் வேண்டுமே. பினாங்கு வெயிலிலும் டைல்ஸ் தரையும் ஏர்கானும் குட்டியை விறைக்க வைத்துவிடும்.

பசும்பால் வயிற்றைக் கலக்கும். தே தாரிக் தேநீரில் ஊற்றும் இனிப்பு டின் பால் கூடவே கூடாது. நாய்க்குட்டிப் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து 3-4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். குப்புற வைத்தே புகட்டுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். மூக்கில் பால் நுரைத்தால் உடனே நிறுத்துங்கள். பால் கொடுத்த பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சிறுநீர், மலம் வரும் இடத்தை மெல்லத் தடவினால்தான் அவை போகும். தினமும் சமையல் தராசில் நிறுங்கள். எடை ஏறாவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போங்கள்.