இடது கையால் ஒரு பந்து

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்த அண்ணன் ஒருவர் அண்மையில் இறந்துவிட்டார். மாலையில் ஆடிக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். நினைவு மலரில் எழுத என்னைக் கேட்டிருக்கிறார்கள். "ஹாங்க் கேதர்ஸைப் போல, நேசித்த களத்திலேயே உயிர்விடும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை" என்று தொடங்க நினைக்கிறேன். அவருடைய சாதனைகளை எந்த வரிசையில் சொல்வது? எத்தனை பக்கம் எழுதலாம்? விளையாட்டைப் பற்றி எழுதுவது இலக்கியமாகுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இலக்கியமா இல்லையா என்பதை மலர் அச்சாகி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். பக்கக் கணக்கை மலர்க் குழுவிடம் கேளுங்கள். அந்த முதல் வரியை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள்.

கொஞ்ச நாட்களாக நானும், ஆடும்போதே விழுந்து இறந்த அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் கேதர்ஸின் பழைய ஆட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம். 23 வயதில் சாவது பேறா? அந்த ஆட்டத்தைப் பார்க்க அவருடைய அம்மா அரங்கில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் இந்த வரியைப் படித்துக்காட்ட உங்களால் முடியுமா?

நடந்ததைச் சொல்கிறேன். பிலடெல்பியாவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த பையன். பள்ளித் தோழன் போ கிம்பிளோடு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, முதலில் ஒரு பல்கலைக்கழகத்திலும் பிறகு லயோலா மேரிமவுண்டிலும் ஆடினார். (நம் சென்னை லயோலாவைப் போல அதுவும் ஏசு சபையார் நடத்துவதுதான்.) 1988-89 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகள், 13.7 ரீபவுண்டுகள் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் இரண்டிலும் ஒரே பருவத்தில் முதலிடம் பிடித்தவர்களில் அவர் இரண்டாமவர். பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டின் முறையோ மூச்சு விடாமல் ஓடுவது, கையில் பந்து வந்த சில நொடிகளில் எறிந்துவிடுவது. அடுத்த பருவத்தில் அந்த அணியின் சராசரி 122.4 புள்ளிகள்.

1989 டிசம்பர் 9 அன்று ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) கோட்டில் நின்றவர் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை. ஓடுவதையே உயிராக வைத்திருந்த அணியில் அதைத் தின்றுவிட்டு எப்படி ஆடுவது? உடம்பு மந்தமாக இருக்கிறது என்றார். அளவைக் குறைத்தார்கள். 1990 மார்ச் 4 அன்று, தங்கள் அரங்கிலேயே, உயரே வந்த பந்தை வளையத்துக்குள் அறைந்துவிட்டுத் திரும்பியவர் சரிந்தார். பிறகு குடும்பத்தாரின் வழக்கு, சமரசம். இதில் எந்த இடத்தில், ஐயா, பேறு வருகிறது? மருந்துக்கும் புள்ளிக் கணக்குக்கும் நடுவில் ஒரு பையன் சிக்கிக்கொண்டான். 'நேசித்த களம்' என்று நீங்கள் எழுதிய உடனே மருந்தின் அளவைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வராது. உங்கள் அண்ணன் விழுவதற்கு முன்னால் மூச்சிரைக்கிறது என்று யாரிடமாவது சொன்னாரா? விசாரித்தீர்களா?

சரி, கிம்பிளுக்கு வருகிறேன்.

கேதர்ஸுக்கு வராத ஒன்று இருந்தது. ஃப்ரீ த்ரோ. எதிரே தடுக்க யாரும் இல்லை, பதினைந்தடித் தூரம், நிதானமாக எறியலாம். மலைபோல் ஆட்களை மோதித் தள்ளிப் புள்ளி எடுத்தவர் அங்கே தடுமாறினார். வலக்கைக்காரரான அவர் கடைசியில் இடது கைக்கு மாறிப் பார்த்தார்.

அவர் இறந்ததும், அவர் கடைசியாக ஆடிய அந்த வட்டாரப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். லயோலா அணி பதினோராம் தர வரிசையில் தேசியப் போட்டிக்குப் போனது. முதல் ஆட்டத்தில் நியூ மெக்சிகோ ஸ்டேட் அணிக்கு எதிராகத் தன் முதல் ஃப்ரீ த்ரோவுக்கு வந்த கிம்பிள் பந்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அவரும் வலக்கைக்காரர்தான். பந்து உள்ளே போனது. அடுத்த ஆட்டங்களிலும் முதல் எறிதல் இடது கையில்தான். நடப்புச் சாம்பியன் மிச்சிகனை 149-115 என்று நொறுக்கினார்கள். அலபாமாவை 62-60 என்று தாண்டினார்கள். லாஸ் வேகஸ் அணியிடம்தான் தோற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். நண்பனைக் கொண்டாட கிம்பிளுக்கு எத்தனையோ வழி இருந்தது. கேதர்ஸைப் போல எகிறிப் பந்தை வளையத்துக்குள் அறைந்திருக்கலாம். அரங்கம் எழுந்து நின்றிருக்கும். அவர் எடுத்துக்கொண்டது நண்பனின் குறையை. அவன் தோற்றுத் தோற்று, கூச்சத்தை விட்டு, கையை மாற்றிப் பார்த்த அந்த இடத்தை. கூடவே வளர்ந்தவனுக்குத்தான் அது தெரியும். சராசரிக் கணக்கைப் பத்திரிகைக்காரர் எவரும் எழுதிவிடுவார். 2020இல் பல்கலைக்கழகம் கேதர்ஸுக்குச் சிலையும் வைத்துவிட்டது.

நம் இரங்கல் கூட்டங்களில் இறந்தவர் அரை மணி நேரத்தில் மகானாகிவிடுகிறார். கவிஞர் ஒருவர், என் நெருங்கிய நண்பர், இறந்தபோது மேடையில் எல்லோரும் அவருடைய 'பரந்த உள்ளத்தை'ப் பேசினார்கள். இரவல் வாங்கிய புத்தகத்தை அந்த மனிதர் திருப்பிக் கொடுத்ததே கிடையாது. கொடுத்த அபூர்வமான ஒன்றிலும் ஓரத்தில் பென்சிலால் ஆசிரியரைத் திட்டி எழுதியிருப்பார். கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது ஒருவர், "என் அகராதியை வைத்திருந்தானே, பாவி" என்றார். பேச்சு மளமளவென்று பெருகியது. எந்தப் பக்கத்தில் யாரைத் திட்டியிருந்தார் என்று சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். மேடையில் மாலையோடு பேசியவர்தான்.

சாதனைகளை எந்த வரிசையில் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். கோப்பைகள் கல்லூரி அலமாரியில் இருக்கும், வருடமும் பொறித்திருக்கும், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனுக்கு எந்தப் பந்து கைக்கு வராது? தோற்ற அன்று யாரிடம் எரிந்து விழுவார்? அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பிழை திருத்தித் தருகிறேன்.