மகனின் சிகிச்சைக்குப் படகு எஞ்சினை விற்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகும் எஞ்சினும் உண்டு. நண்டு வலை விடுகிறார். நான் கருவாடு போட்டு விற்கிறேன். மகனுக்கு 9 வயது, எடை 24 கிலோ. கார்த்திகையில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போன ஒரு வாரத்தில் பிள்ளை ஆளே மாறிவிட்டான். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான். சோற்றில் அழுக்கு என்று தட்டைத் தள்ளுகிறான். கண்ணைச் சிமிட்டுகிறான், இரவில் என் சேலையை விடுவதில்லை. மதுரையில் ஒரு மருத்துவர் 'பாண்டாஸ்' என்றார். ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கொடுத்ததில் நன்றாகக் குறைந்தது. மாசியில் மறுபடி தொண்டை வலி, மறுபடி அதே நிலை. இப்போது இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம், ஒரு தவணைக்கு 1.75 லட்சம், மூன்று தவணை ஆகலாம் என்கிறார்கள். கையில் அஞ்சலக வைப்பு 1.60 லட்சம். 9 பவுன் நகையில் 5 பவுன் அடகுக் கடையில் 1.50 லட்சத்துக்கு, மாதம் 2 வட்டியில் இருக்கிறது. மகளின் செல்வமகள் கணக்கில் 48,000. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. எஞ்சினை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். நண்டு வியாபாரி வட்டியில்லாமல் 2 லட்சம் தருகிறேன் என்கிறார். எது சரி? உறவினர்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.
— ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, எஞ்சினை விற்க வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கார்த்திகையில் வந்தது, குறைந்தது, மாசியில் திரும்பி வந்தது. இந்த நோயின் செலவு ஒரே ஒரு அறுவை சிகிச்சையின் செலவைப் போல ஒரு தடவையோடு முடிவதில்லை. அடுத்த தொண்டைத் தொற்றோடு அது மறுபடி வாசலுக்கு வரக்கூடும். சம்பாதிக்கும் பொருளை முதல் சுற்றிலேயே விற்றவரிடம் இரண்டாம் சுற்றுக்கு எதுவும் இருக்காது. அதிலும் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டும் அடைமழை மாதங்களில்தான் புயல் எச்சரிக்கை வந்து உங்கள் படகும் கரையில் கிடக்கும். செலவு ஏறும் மாதமும் வரவு இறங்கும் மாதமும் உங்கள் வீட்டில் ஒன்றுதான். கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.

நான் மருத்துவன் இல்லை. எந்த மருந்து என்பது மருத்துவர் முடிவு. ஆனால் இந்த ஊசிக்குப் பின்னால் உள்ள விவரம் பணம் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், ஆள் மாறி மூளையின் ஒரு பகுதியைத் தாக்குகிறது என்பதே பாண்டாஸ் பற்றிய கருத்து. 1998-இல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும் 50 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது வந்த பெயர் அது. இம்யூனோகுளோபுலின் என்பது தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்பொருள் மருந்து. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் அதைப் பெற்ற குழந்தைகள் நன்கு தேறினார்கள். 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 35 குழந்தைகளில் மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஊசியால் தேறிய பிள்ளைகள் உண்டு. ஆனாலும் மருத்துவர்களிடையே இதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஐந்தேகால் லட்சத்தைக் கடன் வாங்கி எண்ணி வைக்கும் முன் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணச் சலுகையும் உண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை தண்ணீர்கூட இறக்க மறுத்தாலோ, எடை சரசரவென்று இறங்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றைக்கே மருத்துவமனையில் சேருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பணக்கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி, மருத்துவரிடம் கேட்க வேண்டிய பணக் கேள்விகள் சில உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள். விலை குறைந்த சிகிச்சைகள் எல்லாம் முழுமையாகச் செய்து பார்த்தாயிற்றா? ஆன்டிபயாடிக், வீக்கம் தணிக்கும் சாதாரண மாத்திரை, கை கழுவும் கட்டாயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் நடத்தைப் பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால்கூட ஊசிச் செலவில் சிறு பங்குதான் வரும். இந்தப் பயிற்சியை நம் ஊர்ப் பக்கம் பலர் 'வெறும் பேச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் கொடுத்த காசுக்கு மிஞ்சிப் பலன் தருவது அதுதான், தாய்க்கும் சேர்த்துக் கற்றுத்தருவார்கள் என்பதால். வீட்டில் மகளுக்கோ உங்களுக்கோ தொண்டையில் அதே கிருமி இருந்து பையனுக்குத் திரும்பத் திரும்பத் தொற்றுகிறதா என்று பரிசோதிக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

ஊசிதான் வழி என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னால் அப்போது விலையைப் பிரித்துக் கேளுங்கள். வழக்கமாக இது உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்று கணக்கிடப்படுகிறது. உங்கள் மகனுக்கு 48 கிராம். 5 கிராம் குப்பி என்றால் 10 குப்பி. ஆக, 1.75 லட்சத்தில் குப்பிக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. மூன்று தவணைக்கும் சேர்த்து முன்பணம் கட்டாதீர்கள். ஒரு தவணை, அதற்குப் பின் எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாற்றத்தைப் பார்த்த பிறகு அடுத்த தவணையைப் பேசலாம்.

காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால் கிடைப்பது. மருத்துவமனையே முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எனவே சேரும் முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் கொடுத்து, 'இந்த நோய்க்கு, இந்த ஊசிக்கு எந்தத் தலைப்பில் அனுமதி கேட்பீர்கள்?' என்று விசாரியுங்கள். பட்டியலில் இருக்கும் வேறொரு நரம்பு நோயின் பெயரைப் போட்டு வாங்கித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது மோசடி என்பது ஒரு பக்கம். நாளைக்கு இன்னொரு மருத்துவர் அந்தத் தாளை நம்பித்தான் பிள்ளைக்கு மருந்து கொடுப்பார் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

தனியார் பாலிசி எடுக்கலாமா என்று யோசித்தால், எடுக்கலாம். ஆனால் இந்த நோய்க்கு உடனே பயன்படாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்க நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. 'நோயை எழுதாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் முகவரை அத்தோடு அனுப்பிவிடுங்கள். மறைத்தால் பணம் கேட்கும் நாளில் பாலிசியே ரத்தாகும். ஏற்கெனவே பாலிசி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 'மனநோய், எனவே பணம் தர முடியாது' என்று மறுப்பது செல்லாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்ற காரணம் வேறு வகை. அதற்கு மருத்துவரின் விளக்கக் கடிதத்தோடு முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.

இப்போது வியாபாரியின் 'வட்டியில்லா' 2 லட்சம். பிடிப்பு முழுவதையும் அவருக்கே போட வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனையாக இருக்கும். வெளியில் கிலோ 420 போகும் நண்டுக்கு அவர் 370 போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8 கிலோ என்றால் 400 ரூபாய் போயிற்று. மாதம் 15 நாள் கடலுக்குப் போனால் 6,000. ஆண்டுக்கு 72,000. 2 லட்சத்துக்கு 72,000 என்றால் 36 சதவீத வட்டி! அசலோ அப்படியே நிற்கும். உங்கள் ஊர் விலையையும் பிடிப்பையும் போட்டு நீங்களே ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், கணக்கு நல்லதல்ல.

கையிலிருக்கும் நகையிலேயே வழி இருக்கிறது. 1.50 லட்சத்துக்கு மாதம் 2 வட்டி என்றால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 கட்டுகிறீர்கள். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் 13,500தான். மீட்கப் பணம் இல்லையே என்பீர்கள். வீட்டிலிருக்கும் 4 பவுனை வங்கியில் வையுங்கள். இன்றைய தங்க விலையில் 32 கிராமுக்கு 1.50 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். அதைக்கொண்டு அடகுக் கடையில் உள்ள 5 பவுனை மீட்டுவிடுங்கள். கடன் அதே ஒன்றரை லட்சம். ஆண்டுக்கு 22,500 மிச்சம். 5 பவுன் வீட்டுக்கு வந்துவிடும். அஞ்சலக வைப்பைத் தொடவே இல்லை. மதுரைக்குப் போய்வரும் செலவையும் மாத்திரைச் செலவையும் அந்த 22,500 தாங்கும். பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025-இல் திறந்துவிட்டதால் மதுரைக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்வரலாம். வாடகைக் காருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும்.

அஞ்சலகத்தில் உள்ள 1.60 லட்சத்தில் 60,000-ஐ எந்தச் சூழ்நிலையிலும் தொடாமல் வையுங்கள். அது ஐப்பசி முதல் தை வரைக்கான பணம்: பிள்ளைக்குத் தொண்டை வலி என்றதும் அடுத்த நாளே மதுரைக்குப் புறப்பட, படகு கரையில் கிடக்கும் வாரங்களில் அடுப்பு எரிய. மீதி ஒரு லட்சமும், மீட்ட 5 பவுனில் தேவைப்பட்ட அளவை வங்கியில் வைத்து வாங்கும் பணமும் சேர்த்தால் ஒரு தவணை ஊசிக்குப் போதும். மூன்றுக்குப் போதாது என்பது உண்மைதான். இரண்டாவது தவணைக்கு அரசு மருத்துவமனை, காப்பீடு ஆகிய வழிகளைத் தேட உங்களுக்குச் சில மாதம் அவகாசம் கிடைக்கும்.

செல்வமகள் கணக்கை மூட முடியாது. நோய்க்காக மூடுவதென்றால், கணக்குக்குரிய மகளுக்கே உயிருக்கு ஆபத்தான நோய் வந்தால்தான் விதி இடம் தரும், அண்ணனுக்காக இல்லை. எனக்கு அந்த விதியில் ஒரு நிம்மதி உண்டு. ஒரு பிள்ளை நோயில் விழுந்தால் இன்னொரு பிள்ளையின் பணம் சத்தமில்லாமல் கரைவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். இந்த ஆண்டு அதைச் செய்தால் போதும்.

கணவர் மீனவர் கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறாரா? 2018-19 முதல் மீனவர்களுக்கும் அது உண்டு. வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4. மருத்துவச் செலவுக்கான கடன் இல்லை அது. டீசல், ஐஸ், வலைக்கு அதை எடுத்தால், அவற்றுக்குப் போகும் கைக்காசு வீட்டில் தங்கும். வியாபாரியிடம் கை நீட்டும் தேவையும் குறையும். வீடே ஒரு படகை நம்பி நிற்பதால், ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டையும் அவர் பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள். இரண்டிலும் தலா 2 லட்சம்.

ஏர்வாடிக்குப் போக மனம் சொன்னால் போய்வாருங்கள். வேண்டுதலுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு அங்கே தங்க வைப்பது கூடாது. 2001 ஆகஸ்டில் அங்கிருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. இன்று தர்காவிலேயே அரசு மனநலக் குழு 'தவாவும் துவாவும்' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்தே நடத்துகிறது. போனால் அந்த மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். காய்ச்சல் வந்த தேதி, தொண்டை வலி, கொடுத்த மருந்து, அன்று என்ன சாப்பிட்டான், ஏறத்தாழ எத்தனை முறை கை கழுவினான் என்று தினம் இரண்டு வரி எழுதுங்கள். கார்த்திகைக்கு முன்னால் எழுதிய பள்ளி நோட்டு ஒன்றையும் பின்னால் எழுதியது ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள்; இந்த நோயில் கையெழுத்து சட்டென்று கெடுவது உண்டு, மருத்துவர் அதைப் பார்க்க விரும்புவார். பில்லும் பரிசோதனைத் தாளும் தேதிவாரியாக ஒரே பையில் இருக்கட்டும். காப்பீட்டுப் பிரிவிலும் நிம்ஹான்ஸிலும் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.

கருவாட்டு வேலையை விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். முழுவதும் விட வேண்டாம். பிள்ளைக்கு நிலை மோசமான வாரங்களில் சந்தைக்குப் போகாமல், சரக்கை மொத்தமாக வீட்டிலேயே எடுத்துக்கொள்ளும் வியாபாரிக்குப் போடுங்கள். விலை கொஞ்சம் குறையும், வரவு நிற்காது. இந்த வாரமே அடகுச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அடுத்த மாத வட்டி ஏறும் முன் 4 பவுனோடு வங்கிக்குப் போங்கள். நகைக் கடனை உங்கள் பெயரில் எடுப்பதால் ஆதாரையும், பான் இருந்தால் அதையும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.