திருவந்திபுரத்துக் கல் – கடிதம்

அன்புள்ள அம்மா,

போன மாதம் என் அத்தை மகளின் திருமணத்துக்காகத் திருவந்திபுரம் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது பெரியப்பா என்னை அழைத்துப்போய்க் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டைக் காட்டினார். சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் இராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததும், கன்னட நாட்டுப் போசளப் படை வந்து சோழனை மீட்டதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறதாம். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு தரப்பு அவனை உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்கிறது. மறு தரப்பு நடுநாட்டுச் சிங்கம் என்று ஸ்டேட்டஸ் வைக்கிறது. நடுவில் சாதியும் வந்துவிட்டது. எனக்கு இரண்டு கேள்விகள். ஒரு சிற்றரசன் சக்கரவர்த்தியையே பிடித்து அடைக்கும் அளவுக்கு எப்படி வளர்ந்தான்? அவன் துரோகியா, வீரனா? நீங்கள் யார் பக்கம்?

ச., நெல்லிக்குப்பம்

*

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கல்யாணக் கூட்டத்தின் நடுவே பையனைக் கல்வெட்டுப் பார்க்க அழைத்துப்போகும் பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கான விடை பாடிகாவல் என்ற சொல்லில் இருக்கிறது. ஊரைக் காக்கும் உரிமை அது. களவு, கொள்ளை வராமல் காப்பவனுக்கு ஊரார் ஒரு வரி கொடுக்க வேண்டும். அந்த வரிக்கும் பாடிகாவல் என்றே பெயர். கெடிலக் கரையும் பெண்ணைக் கரையும் சேர்ந்த திருமுனைப்பாடி நாட்டில், 12ஆம் நூற்றாண்டில், இந்தக் காவல் உரிமை காடவர் குடும்பத்தின் கைக்கு வந்தது. கோப்பெருஞ்சிங்கன் அந்தக் குடும்பத்தவன். அவர்கள் அப்போது சோழ அரசின் ஆட்கள். குலோத்துங்க சோழக் காடவராயன் என்று மன்னனின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சூடிக்கொண்டவர்கள்.

பிறகு ஒரு மாற்றம் நடக்கிறது. இன்ன ஊரின் பாடிகாவலை இன்ன கோயிலுக்கு விட்டேன் என்று காடவத் தலைவர்கள் தங்கள் பெயரிலேயே கல்வெட்டு வெட்டத் தொடங்குகிறார்கள். கல்லின் தலைப்பில் சோழ மன்னனின் ஆட்சியாண்டு இருக்கும். கொடுப்பவன் காடவனாக இருப்பான். வரியை விட்டுக்கொடுக்க யாரால் முடியும்? அது தனக்குரியது என்று நினைப்பவனால்தான் முடியும். அந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். படையெடுப்பு எதுவும் இல்லை, முடிசூட்டு விழா இல்லை. ஊரார் நெல் அளக்கும் களத்து மேட்டிலேயே அரசு கைமாறிக்கொண்டிருந்தது. வாசலில் காவலுக்கு நின்றவன் இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டுக்காரன் ஆகிவிட்டான்.

சோழர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மூன்றாம் இராஜராஜனுக்கு முன் ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சிற்றரசர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள் கல்வெட்டாகவே கிடைக்கின்றன. இன்னாரோடு சேர மாட்டோம், மன்னனுக்கு மாறாக நடப்பவனுக்குத் துணை போக மாட்டோம் என்று உறுதி சொல்லிக்கொள்கிறார்கள். விசுவாசத்தை எழுதி வாங்க வேண்டிய நிலைக்கு ஓர் அரசு வந்துவிட்டது என்றால் அதன் உடல்நிலை என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அதன் பிறகு மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். வென்ற நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, ‘சோணாடு வழங்கியருளிய’ என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். அந்தப் பிச்சையில் ஆண்டவன் மூன்றாம் இராஜராஜன். தெள்ளாற்றில் அவனை வென்று, அரச சின்னங்களைப் பறித்து, சிறையிலிட்டதாகக் காடவர் தரப்பே வயலூர்க் கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறது. ஆண்டு 1231 வாக்கில்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் குழுவில் இத்தனை பேர் சண்டை போட்டார்களே, அந்தக் கல்வெட்டை யாராவது முழுதாகப் படித்தார்களா?

அது மூன்றாம் இராஜராஜனின் ஆட்சியாண்டில், மீட்க வந்த போசளர் தரப்பு வெட்டியது. சோழன் பிடிபட்டான், கோப்பெருஞ்சிங்கனின் படை நாட்டையும் கோயில்களையும் அழிக்கிறது என்று கேள்விப்பட்ட போசள மன்னன் வீர நரசிம்மன், ‘சோழமண்டலப் பிரதிஷ்டாசாரியன்’, அதாவது சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற புகழை நிலைநாட்டாமல் எக்காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்துத் தன் தலைநகரான தோரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை, அனுப்புகிறான். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. குழுவில் ஓடியதும் இவ்வளவுதான்.

நடுப்பகுதியைக் கேளுங்கள். தண்டநாயகர்கள் எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் என்ற ஊர்களை அழிக்கிறார்கள். ஈழத்து அரசன் பராக்கிரமபாகு உள்ளிட்ட முதலிகள் (தலைவர்கள்) நால்வரைக் கொன்று குதிரைகளைக் கைப்பற்றுகிறார்கள். அப்புறம் சிதம்பரம் போய்ப் பொன்னம்பலத் தேவரைக் கும்பிடுகிறார்கள். கும்பிட்ட கையோடு மறுபடி ஊர்களை அழிக்கிறார்கள், காடுகளை வெட்டுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்கி முகாமிடுகிறார்கள். நீங்கள் கடலூருக்கு ரயில் ஏறி இறங்கும் அதே திருப்பாதிரிப்புலியூர்தான். அங்கிருந்துகொண்டு திருவதிகை, திருவக்கரை உள்ளிட்ட ஊர்களை அழிக்கிறார்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரையில் சுட்டும் அழித்தும், ‘பெண்டுகளைப் பிடித்தும் கொள்ளை கொண்டும்’ போகிறார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும் நேரத்தில் கோப்பெருஞ்சிங்கன் கலங்கிச் சோழனை விட்டுவிடுகிறான்.

தம்பி, சேந்தமங்கலத்துக்கும் கடலுக்கும் நடுவில்தான் உங்கள் நெல்லிக்குப்பம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோப்பெருஞ்சிங்கன் சோழனைப் ‘பிடித்து’ வைத்திருந்தான் என்கிறது கல். வீரர்கள் பெண்டுகளைப் ‘பிடித்தார்கள்’ என்கிறது. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். சோழன் விடுதலையாகும்போது மட்டும் சொல் மாறிவிடுகிறது. அவனை ‘எழுந்தருளுவித்து’ நாட்டுக்குள் அழைத்து வருகிறார்கள். உற்சவருக்குச் சொல்லும் சொல் அது. பிடிக்கப்பட்ட பெண்கள் திரும்பி வந்தார்களா என்று கல்லில் ஒரு வரி இல்லை. கொல்லப்பட்ட முதலிகளுக்குப் பெயர் இருக்கிறது, பிடிபட்ட குதிரைகளுக்குக்கூடக் கணக்கில் இடம் இருக்கிறது. அந்தப் பெண்கள் எத்தனை பேர் என்றும் இல்லை. எழுதியவர்கள் இதை ஒளிக்கவும் நினைக்கவில்லை. தங்கள் சாதனைப் பட்டியலில் வைத்துப் பெருமாள் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து, வாசகத்தை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, அந்தக் கல்லின் முன் நின்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்றும் முகூர்த்த நாள். எனக்குப் பின்னால் மாலையும் கழுத்துமாக மணப்பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் உப்பும் மிளகும் வைத்திருந்த ஒரு பாட்டி அருகில் வந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திருவதிகைக்காரராம். படித்துச் சொன்னேன். திருவதிகை பெயர் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. எங்கள் ஊரைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அழித்தார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே போனார்களாம் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கோப்பெருஞ்சிங்கன் துரோகியா, வீரனா என்ற கேள்வி என் மனத்தில் அதற்குப் பிறகு எழுந்ததே இல்லை. நான் அவனைத் தாழ்த்தவில்லை. சிதம்பரத்தின் தெற்குக் கோபுரம் ‘சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம்’ என்று காடவர் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. ‘பரதம் வல்ல பெருமாள்’ என்று பட்டம் வைத்துக்கொண்ட அரச குடும்பம் அது. கோயிலை இடித்தான் என்று குற்றம் சாட்டப்பட்டவனும், குற்றம் சாட்டி வந்தவனும் ஒரே பொன்னம்பலத்தைத்தான் கும்பிட்டார்கள். இடையில் எரிந்தவை குடியானவர்களின் வீடுகள். அவன் துரோகம் செய்தான் என்றால் அது சோழனுக்கு. பாடிகாவல் என்ற பெயரில் நெல் அளந்து கொடுத்த ஊர்களை, எரிப்பதற்குப் படை வந்த நாளில் அவனால் காக்க முடியவில்லை. என் வருத்தம் அதில்தான்.

துரோகி என்ற சொல்லை அந்த ஊரார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் 200 ஆண்டுகள் தள்ளி விருத்தாசலத்துக்கு வர வேண்டும். 1429. விஜயநகரத்தின் இரண்டாம் தேவராயன் காலம். அரசு அதிகாரிகளும், சீவிதம் என்ற மானிய நிலம் பெற்றவர்களும், காணி என்ற நில உரிமை உடையவர்களும், பிராமணரும் வரி என்ற பெயரில் கசக்கிப் பிழிந்ததைத் தாங்க மாட்டாமல், அன்றைய சாதிகள் பிரிந்து நின்ற இரண்டு பெரும் அணிகளான வலங்கையின் 98 சாதிகளும் இடங்கையின் 98 சாதிகளும் ஒன்றாகக் கூடி முடிவெடுத்துக் கல்லில் வெட்டினார்கள். வலங்கையும் இடங்கையும் ஒன்றுசேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்று புதுச்சேரிக்காரியான எனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில்கூட எந்தத் தெரு யாருடையது என்று இங்கே அடித்துக்கொண்ட இரு தரப்பு அது. அவர்களே அன்று சேர்ந்து, நம்மை வருத்துகிறவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது, கணக்கு எழுதக் கூடாது, அவர்கள் சொல்லுக்கு இணங்கக் கூடாது என்றார்கள். மீறுகிறவன் நாட்டுக்குத் துரோகி, அவனைக் குத்திப்போடலாம் என்றார்கள். கொடூரமான தண்டனைதான், அதை நான் ஏற்கவில்லை. ஆனால் நாடு என்றால் அவர்களுக்கு என்ன பொருள் என்று பாருங்கள். அரசனின் பெயர் அதில் ஒரு பொருட்டே இல்லை. உழைப்பவன் வயிற்றில் அடிப்பதற்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன்தான் அவர்களுக்குத் துரோகி. தன் பக்கத்தில் இருக்கும் கணக்குப்பிள்ளையைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொன்னார்கள்.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். நான் அந்தப் பாட்டியின் பக்கம்.

உங்கள் குழுவில் இருப்பவர்கள் கோப்பெருஞ்சிங்கனின் வம்சமா, இராஜராஜனின் வம்சமா என்று அடித்துக்கொள்வதைவிட, அழிந்ததாகக் கல் சொல்லும் ஊர்களின் பெயர்களை அப்படியே எடுத்துப் போடுங்கள். குழுவில் இருக்கும் பாதிப் பேருக்கு அந்த ஊர்களில் சம்பந்தமோ கொள்வினை கொடுப்பினையோ இருக்கும். அப்போது பேச்சு வேறு விதமாகப் போகும் என்று நம்புகிறேன்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் போய்வாருங்கள். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், திருநாவலூர்ப் பக்கம் இருக்கிறது. பண்ருட்டி வழியாகப் போகலாம். கோயிலையும் கோட்டையையும் சேர்த்துக் கட்டிய இடம் என்பது அந்த மதிலைப் பார்த்தாலே தெரியும். முன்னால் கல் குதிரைகள் நிற்கும். தட்டினால் ஓசை வரும் என்று எல்லாரும் தட்டுகிறார்கள், நீங்கள் தட்டாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். அங்கே ஓடுவது கெடிலம்தான். திருவதிகையைத் தொட்டுக்கொண்டு, நீங்கள் கல்யாணத்துக்கு வந்த திருவந்திபுரத்தைச் சுற்றிக்கொண்டு கடலுக்கு வருகிறதே, அதே ஆறு. பெரியப்பாவையும் அழைத்துப்போங்கள்.

அன்புடன்.