ரோட்டோரம் வரை வந்து திரும்பும் கரடி

கேள்வி: வண்டியில் அடிபடுவதை விட்டால், சாலையால் கரடி, யானை மாதிரி பெரிய விலங்குகளுக்கு அப்படியென்ன நஷ்டம்? இருபுறமும் காடு இருக்கத்தானே செய்கிறது?

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அடிபட்ட விலங்கு கண்ணில் படுகிறது; ரோட்டோரம் வரை வந்து, இரைச்சலுக்குப் பயந்து திரும்பிப் போவது படுவதில்லை. குட்டியோடு வரும் தாய் இன்னும் தயங்கும். ஒரே காடு இரண்டு தீவாகிவிடும். இரைக்கும் இணைக்கும் அந்தப் பக்கம் போக வழியில்லை என்றால், சொந்தத்துக்குள்ளேயே பெருகிக் கூட்டம் நலிய வேண்டியதுதான்.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலி போட்டு, விலங்குகள் கடந்து போக, மேலே மண் கொட்டி மரம் வளர்த்த பாலங்களும், அடியில் சுரங்கப் பாதைகளும் கட்டினார்கள். விலங்குகள் மீது வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கிரிஸ்லி கரடி நம்பிக் கால் வைக்கச் சில வருடங்கள் எடுத்துக்கொண்டது. அதற்கு அகலமான, வெட்டவெளியான மேம்பாலம் வேண்டும். பூமா என்கிற பெரிய காட்டுப்பூனைக்கோ ஒடுங்கிய, இருட்டான சுரங்கம்தான் பிடிக்கும். (வீடு பார்க்கும்போது நாம் செய்யாத அலட்டலா!)

அப்புறம், பாலம் கட்டிவிட்டு அதன் வாயிலேயே விடுதிக்கு அனுமதி கொடுத்தால், கரடி அங்கே எதற்கு வரும்?