மச்சி பொதுச்சொல்தான், உரிமை யார் கொடுத்தது?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. பெருங்குடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். டீமில் 9 பேர், அதில் 3 பேர் பெண்கள். நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. எனக்கு யாராக இருந்தாலும் மச்சி, ப்ரோ, சில சமயம் டா. ஆண், பெண் என்று பார்த்ததே இல்லை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கேன்டீனில் எல்லார் முன்னாடியும் "என்னை ப்ரோ, மச்சின்னு கூப்பிடாதீங்க, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த இன்னொருத்தி உடனே, "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நீ மச்சின்னே கூப்பிடு" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. இப்போதெல்லாம் மச்சி, ப்ரோ என்பது பொதுவான வார்த்தைதானே? வித்தியாசம் பார்க்காமல் கூப்பிட்டது தப்பா? இனி அவரை என்னவென்று கூப்பிடுவது?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மச்சி பொதுவாகிவிட்டது, சந்தேகமே இல்லை. போன வாரம் பறக்கும் ரயிலில் வேளச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி மடியில் ரெக்கார்டு நோட்டு, வாயில் பென்சில். பென்சிலை எடுத்துவிட்டு, "மச்சி, இன்னும் நாலு படம் பாக்கிடி" என்றாள். முன்னால் மச்சி, முடிவில் டி. பெண் என்று காட்டுகிற வேலையை அந்தக் கடைசி எழுத்து பார்த்துக்கொள்கிறது. மச்சியில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இலக்கண வாத்தியார்கள் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

சொல்லப்போனால் மச்சி ஆண்களின் சொத்து என்பதே சரியில்லை. மச்சான் ஆண்தான். மனைவியின் அண்ணன் தம்பி, அக்கா புருஷன், மாமன் மகன். ஆனால் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் அண்ணியை மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போனால் மாமன் மகள் மச்சாள். சென்னைப் பையன்கள் மச்சானைச் சுருக்கி மச்சி என்று ஆக்கிக்கொண்டதால், அது அவர்கள் பேட்டை வார்த்தை போல ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

இன்னும் பாருங்கள். 'ப்பா' என்பது அப்பாவிலிருந்து தேய்ந்து வந்தது. அதை இந்த ஊரில் யாருக்குத்தான் சொல்வதில்லை? காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா, பேரம் பேசுகிற பெண்ணைப் பார்த்து "இன்னாபா, காலைல இன்னும் போனியே ஆகல" என்பார். உங்கள் கேன்டீன் பெண்ணும் "ஒண்ணும் இல்லப்பா" என்றுதானே ஆரம்பித்தாள்? அம்மாக்கள் மகளிடம் "சாப்பிட்டியாடா செல்லம்" என்கிறார்கள். யாரும் குழம்பவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த வண்டி ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. பெண்ணை டா என்றால் கொஞ்சல். ஆணை டி என்று கூப்பிட்டுப் பாருங்கள், அது நக்கல், சண்டையே வரும். ஆண் சொல் பெண்ணுக்குப் போனால் அவளை ஒரு படி ஏற்றிவிட்டதாக நினைக்கிறோம். பெண் சொல் ஆணுக்குப் போனால் அவனை இறக்கிவிட்டதாக நினைக்கிறோம். இப்படி இருக்கும்போது 'பொது' என்ற வார்த்தையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

என் கதையே உண்டு. 1990களில் நான் வேலை பார்த்த ஆபீஸில் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த ஆறு மாதத்தில் "வாடா, போடா, டீ குடிக்கப் போலாம்டா" என்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. பக்கத்துப் பிரிவுப் பெண்களை மேடம் என்றார்கள், என்னை மட்டும் டா. அப்புறம்தான் அதற்கு விலை இருப்பது தெரிந்தது. டைப்பிஸ்ட் பெண்ணைப் பற்றி என் எதிரிலேயே கேவலமாக ஜோக் அடிப்பார்கள். நான் முகம் சுளித்தால், "நீதான் பசங்க மாதிரி ஆச்சேடா, உனக்கு என்ன?" என்பார்கள். டா என்பதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவள், அந்த ஜோக்குக்கும் சிரித்தாக வேண்டியிருந்தது. இரண்டு வருடம் சிரித்தேன். அந்த டைப்பிஸ்ட் பெண் என்னிடம் பேசுவதை நிறுத்தியது ஏன் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவே இல்லை. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் என்று சொல்லவில்லை. உங்கள் டீமுக்குப் புதிதாக வந்தவர், இதற்கு முன் எங்கே என்ன கேட்டுவிட்டு வந்தாரோ, நமக்குத் தெரியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொல்காப்பியப் பொருளியலில் 'கெழுதகைப் பொதுச்சொல்' என்று ஒன்று வருகிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டுகிற சொல் 'எல்லா'. ஆணையும் அப்படிக் கூப்பிடலாம், பெண்ணையும் கூப்பிடலாம். கலித்தொகையைப் புரட்டினால் அது இருவருக்கும் வரும். அந்தக் காலத்து மச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதில் நீங்கள் பொதுச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். அதற்கு முன்னால் கெழுதகை என்று ஒரு சொல் நிற்கிறது. பழகியதால் வருகிற உரிமை என்று அதற்குப் பொருள்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். புதியவர் உங்களிடம் "கூப்பிடாதீங்க" என்கிறார். மற்றவள் "கூப்பிடு" என்கிறாள். ஒருவர் உங்களை நீங்க என்று நிறுத்தியிருக்கிறார், இன்னொருத்தி நீ என்று சேர்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் கைக்கும் இது தெரிந்திருக்கிறது. புதியவரை "சொல்லிவிட்டார்" என்று எழுதிய நீங்கள், மற்றவளை "என்றாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை அறியாமலேயே விகுதி மாறியிருக்கிறது. ஆக, இது முக்கால்வாசி ஆண் பெண் விவகாரமே இல்லை. வந்து ஒரு மாதம் ஆன ஒரு பையன் கூட, "நீங்க" என்று பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மச்சி என்றால் நெளிந்திருப்பான். வெளியே சொல்லியிருக்க மாட்டான்.

சொல்லியிருக்க மாட்டான் என்பதற்குக் காரணமும் நீங்கள்தான். நீங்கள் லீடு. அப்ரைசலில் மார்க் போடுகிறவர். நீங்கள் மச்சி என்றால், அவர் திரும்ப "டேய் மச்சி, அந்த டெட்லைன் நடக்காதுடா" என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் நல்லது. முடியாது என்றால், அந்த வார்த்தை மேலிருந்து கீழே மட்டும் வருகிற வார்த்தை. கேன்டீனில் எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் உங்களுக்கு வலித்திருக்கிறது, புரிகிறது. ஆனால் ஒரு புது ஆள் தன் லீடிடம் அதைச் சொல்வதற்கு எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் என்று காரணம் கேட்டுப் போகாதீர்கள். சிலருக்குக் காரணம் சொல்வதே பெரிய பாடு. எனக்கு ஒரு திருநங்கைத் தோழி உண்டு. அரசுக் காகிதத்தில் திருநங்கை என்று அச்சில் பார்த்ததற்கே கண் கலங்கியவள். தெருவில் அசிங்கமாகத் திட்டுகிறவனைக் கூட அவள் தட்டிவிட்டுப் போய்விடுவாள். கடையில் ஒரு பையன் நல்ல மனசோடு "என்ன ப்ரோ வேணும்?" என்று கேட்டால் மட்டும் அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள். அவனைப் பொறுத்தவரை ப்ரோ பொதுச்சொல். அவளுக்கோ, வீட்டைவிட்டு வெளியே வந்து உதறிய சொல்.

என்ன செய்வது? அவருக்கு ஒரு பெயர் இருக்கிறதே, அது போதும். பெயர், கூடவே நீங்க. திடீரென்று அவரை மட்டும் "மேடம்" என்று இழுத்துச் சொல்லாதீர்கள், அது பழிவாங்கல் போல இருக்கும், எல்லாருக்கும் புரியவும் செய்யும். மன்னிப்புக் கூட்டமெல்லாம் வேண்டாம். எதேச்சையாக எதிரில் வரும்போது, "நீங்க சொன்னது சரி, வாய் பழகிப்போச்சு, மாத்திக்கிறேன்" என்றால் முடிந்தது. ஒன்றிரண்டு முறை பழக்கத்தில் வாய் தவறும், திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். மீட்டிங்கில் 'ஹாய் கைஸ்' இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். 1605இல் லண்டன் பாராளுமன்றத்தைத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸ் என்ற ஆளின் பெயரிலிருந்து வந்த வார்த்தை அது, பெருங்குடியில் நமக்கு எதற்கு? "எல்லாரும் வந்தாச்சா?" என்றால் யாருக்கும் உறுத்தாது. ஜாலியாக வேண்டுமென்றால் "வாங்க மக்களே" என்று கூப்பிடுங்கள்.

மச்சி என்று கூப்பிடச் சொன்னவளை அப்படியே கூப்பிடுங்கள். அவளாகக் கேட்டு வாங்கியது அது. மூன்றாவது பெண் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும் இருந்தாரா?

அப்புறம், கடிதத்தை "தேங்க்ஸ் ப்ரோ" என்று முடித்திருந்தீர்கள். எனக்கு 57 வயது, மூட்டு வலி உண்டு, இரண்டு பேரப்பிள்ளைகள். வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு நாளாகப் பேத்தி என்னை ப்ரோ பாட்டி என்றுதான் கூப்பிடுகிறாள்.