சாட்சியும் சாட்சியமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ரீச்சர்,

நான் கிளிநொச்சியில் தர்மபுரம் பக்கம். வயது 33. மீள்குடியேறி வந்த காலத்திலிருந்து ஒன்பது வருடம் எங்கள் குடும்பம் ஒரு சபையில் இருந்தது. இப்போது நாங்கள் ஏழு பேர் விலகிவிட்டோம். அங்கே படிப்பித்தது இதுதான்: விசுவாசம் இருந்தால் வருத்தம் வராது, வறுமை வராது. கேட்டது கிடைக்காவிட்டால் குறை கேட்டவரிடம். சந்தேகம் பிசாசின் குரல். மருந்து எடுக்காதே என்று நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் மருந்தை விட்டவர்களைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைப்பார்கள்.

இந்தப் போதனை பிழை என்று வசனத்துக்கு வசனம் காட்டி ஒரு சிறு புத்தகம் எழுதுகிறோம். தமிழைத் திருத்தித் தருவீர்களா? இப்படி எழுதுவது சரியா? இனி எந்தச் சபைக்குப் போவது? கொடுத்த தசமபாகத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இன்னும் அங்கே கிடக்கிற மந்தைகளை, படிக்காத சனத்தை எப்படி வெளியே எடுப்பது? என் அம்மாவும் அங்கேதான் போகிறார்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். ஊசியை விட்டார். மூன்றாம் மாதம் கால் எரிவு நின்றுவிட்டது என்று சாட்சி சொன்னார். பிறகு காலை எடுத்தார்கள். பிறகு இறந்துபோனார். வீட்டுக்குள் ஓர் அவிசுவாசி இருக்கிறபடியால்தான் சுகம் வரவில்லை என்றார்கள். அது நான்தான்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நாலைந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பந்தியில் கேள்விக்குறியே இல்லை. மற்றதெல்லாம் அந்தப் பந்தியை எழுதுவதற்காக எழுதியது என்றே எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. அப்பா உங்களால் சாகவில்லை.

சீனி நெடுநாள் கூடிக் கிடந்தால் கால் நரம்புகள் பழுதாகும். முதலில் எரியும், குத்தும். பிறகு உணர்ச்சியே போய்விடும். இரத்தக் குழாய்களும் ஒடுங்கிவிடும். அதற்குப் பிறகு முள் ஏறினாலும் தெரியாது, செருப்பு வெட்டினாலும் தெரியாது. வயலிலும் வரம்பிலும் நடக்கிற மனிதருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை. புண் ஆறாது, கிருமி மேலே ஏறும். அப்பாவின் எரிவு நின்றது சுகம் வந்ததால் அல்ல தம்பி, நரம்பு செத்ததால்தான் இருக்கும். அதற்குத்தான் மேடையில் கைதட்டினார்கள். உங்கள் மனதில் இருந்த சந்தேகம் அவர் காலில் எந்தப் புண்ணையும் உண்டாக்கவில்லை. அந்தக் கூடாரத்தில் அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் அப்பா இன்றைக்கு ஊன்றுகோலோடாவது முற்றத்தில் இருந்திருப்பார்.

இது வன்னியில் முளைத்த போதனையும் அல்ல. வலியையும் நோய்க்குறியையும் நம்பாதே, அவை புலன்கள் சொல்கிற பொய், வசனத்தை வாயால் அறிக்கையிடு என்று எழுதியவர் அமெரிக்கரான கென்யன். 1948இல் இறந்தார். அவர் எழுத்தை எடுத்துப் பரப்பியவர் கென்னத் ஹேகின். 1934இல், இருதய வருத்தத்தோடு படுக்கையில் கிடந்த பையனாக, மாற்கு சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தை வாசித்து எழும்பினேன் என்பது அவர் சொன்ன சாட்சி. மலையைப் பார்த்துப் பெயர்ந்து போ என்று சொல்கிற பகுதி அது. சந்தேகப்படாமல் சொல், கிடைத்துவிட்டது என்று சொல், கிடைக்கும். உங்கள் கொட்டகையில் கேட்டதும் இதுதானே?

1973இல் கலிபோர்னியாவில் பார்ஸ்டோ என்ற ஊரில் ஒரு தாயும் தகப்பனும் இதை நம்பித் தங்கள் 11 வயது மகனுக்கு இன்சுலினை நிறுத்தினார்கள். பிள்ளை இறந்துவிட்டான். செத்தவீட்டுக்குப் பதில் உயிர்த்தெழுதல் ஆராதனை வைத்துக் காத்திருந்தார்கள். வழக்கு நடந்து குற்றவாளிகள் என்று தீர்ப்பும் வந்தது. பிற்காலத்தில் அந்தத் தகப்பனே, தாங்கள் விசுவாசம் என்று நினைத்தது எதுவென்று கேட்டுப் புத்தகம் எழுதினார். அவர் கிறிஸ்தவராகவே கேட்டார். நீங்கள் ஏழு பேரும் தனியே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி. எந்தச் சபைக்குப் போவது என்பதை என்னிடம் கேட்காதீர்கள். நான் சைவக்காரி. காசு விசயமும் அப்படித்தான். விரும்பினால் கேளுங்கள், தரமாட்டார்கள்.

ஆனால் 'மந்தைகள்', 'படிக்காத சனம்' என்று எழுதினீர்களே, அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உயர்தரம் படித்துவிட்டுத்தானே அங்கே கைதட்டினீர்கள்? 2010இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்திடம் யார் போனார்கள்? எங்கள் கோயில் தர்மகர்த்தாக்கள் போகவில்லை. எழுதுகிறவர்கள் போகவில்லை. நானும் போகவில்லை, என் வீட்டுக்குத் தகரம் தேடிக்கொண்டிருந்தேன். அரிசியும் பாயும் கொண்டுவந்து, ஒரு பெண்ணின் பக்கத்தில் இருந்து, அவள் அழும்வரை காத்திருந்தது அந்தச் சபைக்காரர்தான். அந்தக் கை உண்மையான கை. அதைப் பிடித்தவர்களை மந்தை என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமை? உங்கள் அம்மா படிக்காத சனம் அல்ல. புருசனைப் பறிகொடுத்துவிட்டு, அது வீண் என்று ஒத்துக்கொள்ளத் தாங்காமல் நிற்கிற பெண். அவர் அங்கே போவதை விட்டால், அப்பா ஏன் செத்தார் என்று தன்னையே கேட்க வேண்டிவரும். அந்தப் பயத்தை நீங்கள் ஒரு வசனத்தால் விரட்டமுடியாது.

இன்னொன்று. உங்கள் புத்தகத்தின் முதல் அதிகாரத்துக்கு 'உண்மையான விசுவாசிகள் யார்?' என்று தலைப்பு வைக்கப்போவதாக மின்னஞ்சலின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். ஆளை அளக்க அவர்கள் கையில் இருந்த அடிமட்டத்தை நீங்களும் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறீர்கள். அதை வையுங்கள் தம்பி.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு என் சின்னம்மா நினைவுதான். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன்.

சின்னம்மாவுக்கு ஒரே மகன். 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், சனம் இராணுவத்திடம் போன வட்டுவாகலில் அவன் ஒரு பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வயது 19. அதற்குப் பிறகு தகவல் இல்லை. முகாமில் சின்னம்மா மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியபிறகு ஒரு சபையார் வந்தார்கள். உங்கள் சபைதானோ வேறோ, தெரியாது, போதனை ஒன்றுதான். சின்னம்மா பேசத் தொடங்கினார், சாப்பிடத் தொடங்கினார். நான் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் பேசியதைக் கவனித்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். "என் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான்." வருவான் என்று சொல்லக்கூடாது. எதிர்காலத்தில் சொன்னால் அது அவிசுவாசமாம். கிடைத்துவிட்டதாக, முடிந்துபோனதாகச் சொல்லவேண்டும். நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள். தாய் ஒருத்தி காணாத பிள்ளையை ஒவ்வொரு கிழமையும் இறந்தகாலத்தில் சொல்ல வைக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கூட்டம் அல்லேலூயா என்றது. பிறகு அவர் வீட்டுக்கு வந்து, வெறும் வீட்டின் படலையைத் திறந்தார்.

2014 தை மாதம் காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு கிளிநொச்சியில் சாட்சியம் எடுத்தது. நான் படிவம் நிரப்பி வைத்திருந்தேன். சின்னம்மா கையெழுத்துப் போடவில்லை. 'காணாமற்போனவர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் அது கெட்ட அறிக்கையாம், பிள்ளை வருகிற வழியை வாயாலேயே அடைப்பதாம். பாருங்கள் தம்பி, ஞாயிறுதோறும் சாட்சி சொன்ன மனிசி, பிள்ளைக்காகச் சாட்சியம் சொல்ல வேண்டிய ஒரு நாளில் வீட்டுக்குள் இருந்தார். ஆணைக்குழுவால் பெரிதாக என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அது வேறு கதை. தன் பிள்ளை எங்கே என்று ஒரு தாய் கேட்பதையே பாவமாக்கிவிட்டார்களே. அந்த விசுவாசம் ஆண்டவரிடம் அல்ல, சபையிடம் இருக்கிற எசமான விசுவாசம். நமது மொழியில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு.

2017 பெப்ரவரி 20 கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். சின்னம்மா வைத்தியசாலைக்குப் போகிற பேருந்தில் அதைக் கடந்து போய்வந்தார். ஒரு நாள் இறங்கிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. சட்டைப் பைக்குள் வைக்கிற அளவு மகனின் படம் ஒன்று கைப்பையில் இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு திருநீறு பூசிய பெண்களுக்கு நடுவில் இருந்தார். அடுத்த கிழமை சபையில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து அவரை நிறுத்தினார்கள்.

நான் ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனேன். மெல்லிய குரலில் சபைப் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார். "சின்னம்மா, விசுவாசத்தை விட்டிட்டியளோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை. அங்கை வந்திட்டான் வந்திட்டான் எண்டு சொல்லேக்கை அவன்ரை முகமே எனக்கு மறந்து போச்சு. இஞ்சை இருந்து எங்கை எண்டு கேக்கேக்கை திரும்பத் தெரியுது" என்றார். பிறகு தேத்தண்ணியில் சீனி கூட என்றார்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். கேட்பது நம்பிக்கைக்கு எதிரி என்று உங்களுக்குள் போட்ட விதையை நீங்கள் இன்னும் பிடுங்கவில்லை. அதனால்தான் விலகிய பிறகும் 'அது நான்தான்' என்று எழுதுகிறீர்கள். நான் வளர்ந்த முள்ளியவளையில், வைகாசிப் பொங்கலுக்கு முதல் சிலாவத்தைக் கடல் தண்ணீர் கொண்டுவந்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்தத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். சின்ன வயதில் தகப்பனின் தோளில் இருந்து அந்த விளக்கைப் பார்த்தவள் நான், நம்பிக்கையைப் பற்றி யாரும் எனக்கு இளக்காரமாகப் பேசமுடியாது. அந்த விளக்கு யாருக்காக எரிகிறது? வற்றாப்பளைக் கண்ணகிக்கு. கையில் ஒற்றைச் சிலம்போடு அரசனின் வாசலில் நின்று, என் புருசனுக்கு என்ன செய்தாய் என்று கேட்ட பெண்ணுக்கு. கேட்டவளைத்தான் எங்கள் சனம் தெய்வமாக்கி வைத்திருக்கிறது.

உங்கள் வேதத்திலும் இது இருக்கிறது. சின்னம்மாவோடு சேர்ந்து வாசித்தேன். வலிப்பு வருகிற பிள்ளையின் தகப்பன் மாற்கு 9இல் என்ன சொல்கிறான்? விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி அழுகிறான். முதலில் உன் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை சுகமானான். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று எழுதுகிறார், துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று எழுதவில்லை. எபிரெயர் 11இல் விசுவாச வீரர்களின் பட்டியல் முடிகிற இடத்தைப் பாருங்கள். இவர்களெல்லாரும் வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலே போனார்கள் என்றுதான் இருக்கிறது. யோபுவின் கூட்டாளிகள் வந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் உனக்கு இது என்று அதிகாரம் அதிகாரமாகச் சொல்கிறார்கள். யோபு கடவுளோடு வழக்காடுகிறான். கடைசியில் கடவுள் கோபிப்பது யாரை? கூட்டாளிகளை. வீட்டுக்குள் அவிசுவாசி இருக்கிறான் என்று உங்கள் அப்பாவின் கட்டிலடியில் நின்று சொன்னவர்கள் அந்தக் கூட்டாளிகள்தான்.

வசனத்துக்கு வசனம் எழுதாதீர்கள் என்று சொல்ல வந்துவிட்டு நானே வசனம் சொல்கிறேன். பரவாயில்லை, இந்த நாலையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுதுங்கள். எந்த மாதம் ஊசியை நிறுத்தினார், யார் கைதட்டினார்கள், புண்ணை முதலில் கண்டது யார், அன்றைக்கு நீங்கள் என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள். ஏழு பேரும் அப்படி எழுதுங்கள். மந்தை என்ற சொல்லை எடுத்துவிட்டு அனுப்பினால் நான் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். சபைக் கொட்டில்களை உடைக்கத் திரிகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், அவர்களுக்கு ஒரு தாளும் கொடுக்காதீர்கள்.

சின்னம்மா 2021இல் காலமானார். பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்த எத்தனையோ தாய் தகப்பன்மாரில் ஒருவர். அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அவரைச் சபைக்கு ஏற்றிக்கொண்டு போங்கள், முடியும்வரை வெளியே மரத்தடியில் நில்லுங்கள், திரும்பக் கூட்டி வாருங்கள். அவருக்குப் பிரசர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் குளிசை போடுகிறாரா, கிளினிக் கொப்பியில் அடுத்த தேதி என்ன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்