எழுத்துகள் தெரிகிறது, சமன்பாடு புரியவில்லையே!

கேள்வி: பள்ளியோடு இயற்பியலை விட்டவன் நான். ஐன்ஸ்டைன், பிளாங்க், ஷ்ரோடிங்கர் சமன்பாடுகளில் எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் புரிந்த மாதிரியே இல்லை. எப்படிப் படிப்பது?

பதில்: ஒரு தாளை எடுத்து, சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பாருங்கள். நான் சொல்லக்கூடிய முதல் வழி இதுதான்.

ஐன்ஸ்டைனிடம் தொடங்கலாம். ஆற்றல் = நிறை × ஒளிவேகத்தின் வர்க்கம். ஒளிவேகம் நொடிக்கு சுமார் 30 கோடி மீட்டர். ஒரு கிராம் நிறைக்குக் கணக்கிட்டால் 90 லட்சம் கோடி ஜூல், அதாவது 2.5 கோடி கிலோவாட் மணி வரும். இவ்வளவு பெரிய விடை எங்கிருந்து வந்தது? ஒளிவேகத்தின் வர்க்கத்திலிருந்துதான்.

இப்போது அதையே திருப்பிப் போடுங்கள்: நிறை = ஆற்றல் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம். 1905-இல் ஐன்ஸ்டைன் முதலில் எழுதியதும் இந்த வடிவில்தான்: ஒரு பொருள் ஒளியாக ஆற்றலை வெளிவிட்டால் அதன் நிறை இந்த அளவு குறையும் என்றார். எனக்கு இந்த வடிவம்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் இது அணுகுண்டுக்கு மட்டுமான சமன்பாடு என்ற தவறான எண்ணத்தைப் போக்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் நிறையும் கூடுகிறது! எவ்வளவு? ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சுமார் நான்கு பங்கு. எந்தத் தராசிலும் தெரியாது. சூரியனோ ஒளியாக வெளிவிடும் ஆற்றலால் நொடிக்கு சுமார் 40 லட்சம் டன் நிறையை இழக்கிறது.

அப்புறம் அலகுகளையும் சரிபாருங்கள். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஜூல்தான் வரும்; பள்ளியில் படித்த இயக்க ஆற்றலுக்கும் அதே அலகுதானே.

பிளாங்க் சமன்பாட்டில் கதை நேர்மாறு. ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் = பிளாங்க் மாறிலி × அதிர்வெண். அந்த மாறிலி மிகமிகச் சிறியது: தசமப் புள்ளிக்குப் பின் 33 சுழியங்கள், பிறகுதான் 6626. அதனால்தான் ஒரு வாட் பச்சை ஒளியில் நொடிக்கு சுமார் 28-க்குப் பின் 17 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் ஒளித்துகள்கள் வருகின்றன. கண்ணுக்கு அது தொடர்ச்சியான வெளிச்சமாகத் தெரிவதில் வியப்பில்லை.

எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கரின் 1926 சமன்பாட்டை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு வகைநுண்கணிதமும் கலப்பெண்களும் வேண்டும். முதலில் அதிரும் கம்பியின் அலைச் சமன்பாட்டைப் படியுங்கள்; இரு முனையும் கட்டிய கம்பியில் சில அலைகள் மட்டுமே நிற்பது ஏன் என்று பிடிபட்ட பிறகு அதற்குத் திரும்பி வாருங்கள்.